வெள்ளி நாணயம் வாங்கும் முன் தராசை எடுங்கள்

செகண்ட் ஹேண்டில் வெள்ளி நாணயம் வாங்குகிறவர்கள் ஐஸ் கட்டியையும் காந்தத்தையும் நம்பிப் பணத்தை எடுத்து நீட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நாணயத்தின் மேல் ஐஸ் கட்டியை வைத்து "பாருங்க, எப்படி உருகுது, சுத்த வெள்ளி" என்று காட்டும் ஒவ்வொரு வீடியோவும் போலி விற்பவனுக்குக் கிடைக்கும் இலவச விளம்பரம். வெள்ளி வெப்பத்தை வேகமாகக் கடத்தும், உண்மைதான். ஆனால் அதன் கடத்துதிறன் 429 என்றால் செம்புக்கு 401. வெள்ளி முலாம் பூசிய செம்புக் காசின் மேலும் ஐஸ் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் உருகும். அந்த வித்தியாசத்தை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது.

காந்தம் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஒரு பக்கத்துக்கு மட்டும். வலுவான நியோடிமியம் காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை), ஈயம், துத்தநாகம் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. போலிகள் பல இவற்றில்தான் வருகின்றன. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் காந்தத்தை வழுக்க விடும் சோதனையும் இருக்கிறது. வெள்ளியில் காந்தம் தயங்கித் தயங்கி இறங்கும். பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் அதைவிட வேகமாக இறங்கும். அந்த இரண்டையும் கழிக்க இது உதவும். செம்பிலும் காந்தம் மெதுவாகவே இறங்கும் என்பதால் முலாம் பூசிய செம்பு இதிலும் தப்பித்துவிடும்.

சரி, எதை நம்புவது? எடை, விட்டம், தடிமன். இந்த மூன்றையும் சேர்த்து நம்பலாம். போலி செய்கிறவனால் இதில் இரண்டைச் சரியாகக் கொண்டுவர முடியும். மூன்றாவது அவன் கையை மீறிப் போகும். காரணம் அடர்த்தி. சுத்த வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். செம்பு 8.96. பித்தளையும் ஜெர்மன் சில்வரும் 8.4 முதல் 8.8 வரை. இரும்பு 7.87, துத்தநாகம் 7.14. இவற்றில் எதை எடுத்தாலும், அசலின் அதே எடை வர வேண்டுமானால் காசு பெரிதாகவோ தடிமனாகவோ இருந்தே ஆக வேண்டும்.

அதிகம் போலி செய்யப்படும் காசுகளில் ஒன்றான அமெரிக்க மோர்கன் டாலரை எடுத்துக்கொள்வோம். எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், தடிமன் 2.4 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. இதே எடையையும் விட்டத்தையும் செம்புக் கலவையில் கொண்டுவந்தால் தடிமன் 2.8 மில்லிமீட்டர் அருகே போய்விடும். காலிப்பரில் (தடிமனையும் விட்டத்தையும் துல்லியமாக அளக்கும் கருவி) இது பளிச்சென்று தெரியும். தடிமனையும் விட்டத்தையும் சரியாக வைத்தால் எடை 23 கிராம் சுமாருக்கு இறங்கிவிடும்.

எனவே தேவைப்படுவது 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு டிஜிட்டல் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். தராசுக்கென்று ஒரு சோதனை எடைக்கல்லும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிய தராசு காட்டும் எண்ணை வைத்து நல்ல காசைப் போலி என்று சண்டை போடுவது நடக்கிற விஷயம். வாங்கப் போகும் காசின் அசல் அளவுகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். அமெரிக்க சில்வர் ஈகிள் 31.1 கிராம், 40.6 மில்லிமீட்டர். கனடாவின் மேப்பிள் லீஃப் அதே எடை, ஆனால் 38 மில்லிமீட்டர். ஆஸ்திரியாவின் பழைய வெள்ளிக் காசான மரியா தெரசா தாலர் 28.07 கிராம், 83.3 சதவீதம் வெள்ளி. பிரிட்டிஷ் இந்தியாவின் விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி.

எடையில் ஒரு நுணுக்கம் உண்டு. புழங்கித் தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும், அது இயல்பு. நன்றாகத் தேய்ந்த ரூபாய் 11.4 கிராம் காட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் முகமெல்லாம் மழுங்கிய காசு சரியாக 11.66 காட்டினால் யோசியுங்கள். அசல் எடையைத் தாண்டி 11.9 காட்டினால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள். குறைந்த எடையைவிடக் கூடிய எடைதான் எனக்கு அதிகச் சந்தேகம் தரும். தேய்மானம் எடையைக் குறைக்கும், கூட்டாது.

இன்னும் உறுதி வேண்டுமானால் தண்ணீர்ச் சோதனை. காசுக்கு எந்தச் சேதமும் வராது, ஐந்து நிமிட வேலை. முதலில் காசை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். (கண்ணாடி டம்ளர் வேண்டாம், 100 கிராம், 200 கிராம் தராசுகள் அந்தப் பாரத்தைத் தாங்காது.) மெல்லிய நூலில் அல்லது தூண்டில் நரம்பில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

11.66 கிராம் ரூபாய் அசலாக இருந்தால் தராசு 1.13 சுமார் காட்டும், வகுத்தால் 10.3. அதே எடையில் ஜெர்மன் சில்வர் போலி 1.36 காட்டும், வகுத்தால் 8.6. மோர்கன் டாலர் 2.59, சில்வர் ஈகிள் 2.96 அல்லது 2.97 காட்ட வேண்டும்.

இந்தச் சோதனை தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். காசின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அதுவும் இடத்தை அடைத்துக்கொண்டு அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் காசை மெல்ல ஆட்டினால் குமிழி போய்விடும். காசு டம்ளரின் அடியைத் தொட்டால் அதன் எடையே தராசில் ஏறி எண் தாறுமாறாகும். மூன்றாவது, சின்னக் காசு. 2.92 கிராம் கால் ரூபாய் விலக்கும் தண்ணீர் 0.28 கிராம்தான். தராசு 0.01 பிசகினாலே விடை 10.1 என்றும் வரும், 10.8 என்றும் வரும். அத்தனை சிறிய காசுக்கு 0.001 கிராம் தராசு இல்லாமல் இந்தச் சோதனையை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அடர்த்தியையும் ஏமாற்ற வழி இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.34. அதோடு லேசான உலோகம் ஒன்றைக் கணக்காகச் சேர்த்தால் 10.3, 10.4 என்று கொண்டுவந்துவிடலாம். அங்கே காட்டிக் கொடுப்பது ஒலி. காசை விரல் நுனியில் சமன் செய்து வைத்து, பேனாவாலோ இன்னொரு காசாலோ விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். வெள்ளி மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். ஈயக் கலவை "டப்" என்று செத்துப் போகும். தரையில் போட்டுப் பார்க்க வேண்டாம், விளிம்பு நசுங்கும். ஒலியை மட்டும் வைத்து ஒதுக்கிவிடவும் வேண்டாம். நகையில் பற்றவைத்துக் கழற்றிய காசும், உள்ளே விரிசல் விட்ட காசும் அசலாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

லென்ஸை எடுத்தவுடன் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள். நாணயச் சாலையில் அடித்த காசின் விளிம்புப் பற்கள் நேராக, கூராக, ஒரே இடைவெளியில் இருக்கும். வார்த்தெடுத்த போலியில் பற்கள் மழுங்கியோ சாய்ந்தோ நிற்கும். இரண்டு பாதி சேர்ந்த கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்த கீறல்கள் இருக்கும். வார்ப்பில் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் ஒரு நூலளவு குறையும். பிறகு முகத்துக்கு வாருங்கள். எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப் பரப்பில் பொடிப்பொடியான குழிகள், சின்னச் சின்னப் பருக்கள், சோப்பில் செதுக்கியது போல வழுவழுத்த எழுத்து ஓரங்கள் இருந்தால் அது வார்ப்பு.

தேய்மானம் எங்கே விழுந்திருக்கிறது என்பதும் பேசும். அசலில் கன்னம், தலைமுடி, கிரீடம் போன்ற மேடான இடங்கள் முதலில் தேயும். எழுத்துகளுக்கு இடையே உள்ள பள்ளம் பிழைத்திருக்கும். மேடு, பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், தேய்ந்த காசை வைத்து அச்செடுத்திருக்கிறார்கள் என்று பொருள். மேடான இடத்தில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் முலாம் விட்டுப்போகிறது. கறுப்பிலும் ஏமாற்று உண்டு. காலத்தால் ஏறிய கறுப்பு ஓரத்திலும் எழுத்துகளைச் சுற்றியும் அடர்ந்து, நடுவில் மெலிந்து, நீலமும் பழுப்புமாக மாறி மாறி இருக்கும். கந்தக மருந்தில் முக்கியெடுத்தது ஒரே பூச்சாக, கரி தடவியது போல இருக்கும்.

ஒரே விற்பனையாளரிடம் ஒரே வகைக் காசு நாலைந்து இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காசின் கன்னத்தில் இருக்கும் வெட்டு அடுத்ததிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தால் இரண்டும் ஒரே போலி அச்சில் பிறந்தவை.

இதுவரை சொன்னது உலோகப் போலி. ஆண்டுப் போலி என்று இன்னொன்று இருக்கிறது. அனுபவசாலிகளும் அதில்தான் விழுகிறார்கள். காசு நல்ல வெள்ளியாகவே இருக்கும், எடையும் அடர்த்தியும் ஒலியும் எல்லாம் பொருந்தும். பொய் இருப்பது ஆண்டில் அல்லது நாணயச் சாலைக் குறியில். சாதாரண ஆண்டின் ஓர் எண்ணைச் செதுக்கி அரிய ஆண்டாக்குவார்கள். குறியெழுத்தைத் தனியாகச் செய்து ஒட்டுவார்கள். அந்த எழுத்தைச் சுற்றி லென்ஸில் மெல்லிய வரம்பும் சுரண்டிய தடமும் தெரியும். இங்கே தராசு உதவாது, படிப்புதான் உதவும். கார்சன் சிட்டி நாணயச் சாலை மோர்கன் டாலர் அடித்தது 1878 முதல் 1885 வரையும், 1889 முதல் 1893 வரையும்தான். 1886 என்ற ஆண்டோடு 'சிசி' குறி இருந்தால் மேற்கொண்டு எதையும் அளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் காசுகளின் இரண்டு பக்கங்களும் தலைகீழாக அடிக்கப்படும். மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் பின்பக்கம் நேராக நிற்கும். போலிகளில் இதையே தவறவிட்டவை உண்டு. 2021 நடுவில் வந்த புது வடிவ சில்வர் ஈகிளின் விளிம்பில் வேண்டுமென்றே ஒரு பல் இல்லாமல் விடப்பட்டிருக்கும். அதையும் தேடிப் பாருங்கள்.

போலியும் இல்லாமல், சொன்னதும் இல்லாமல் விற்கப்படுபவை தனி. ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான் வெள்ளி. தண்ணீர்ச் சோதனையில் 9.5 சுமார் வரும். 1946, 1947 ரூபாய்கள் நிக்கல், வெள்ளியே கிடையாது, காந்தத்தில் ஒட்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி "வெள்ளி ரூபாய்" என்று ஒரே விலை சொல்வார்கள். மரியா தெரசா தாலரில் இன்னொரு குழப்பம்: எப்போது அடித்தாலும் 1780 என்றே ஆண்டு இருக்கும், அரசு நாணயச் சாலைகளே பின்னாளில் அப்படி அடித்தன. அது போலி அல்ல. ஆனால் அதைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் காசு என்று சொல்லி விற்பது பொய்.

ஆசிட் சோதனையைச் சேகரிப்புக் காசில் செய்ய விடாதீர்கள். அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். முலாமைத் தாண்ட வேண்டுமென்றால் அரத்தால் ஆழமாகக் கீற வேண்டும், கீறினால் காசின் சேகரிப்பு மதிப்பு போயிற்று. எக்ஸ்ரே கருவி காசைக் கெடுக்காது, ஆனால் அதுவும் மேல் தோலைத்தான் படிக்கிறது. கனமான முலாம் இருந்தால் "999" (99.9 சதவீதம் வெள்ளி) என்று மனசாரக் காட்டும். கருவியின் எண்ணோடு அடர்த்தியும் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் தரச்சான்றோடு வரும் காசுகளை அப்படியே நம்பவும் வேண்டாம். காசுக்குத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டிகளுக்கே போலி வருகிறது. பெட்டியில் உள்ள எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் போட்டால் விவரம் வரும். எண் பொருந்திவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். உண்மையான எண்ணையே நகலெடுத்துப் போடுகிறார்கள். அங்கே படம் இருந்தால் காசின் கீறல்களையும் கறைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் நாலு படம் கேளுங்கள்: தலை, பூ, விளிம்பு, தராசின் மேல் எண் தெரியும்படி காசு. தண்ணீர்ச் சோதனைக்கு வீடியோவே கேட்கலாம். அதற்கு முன் காசில் இருக்கும் வெள்ளியின் மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: எடையைத் தூய்மையால் பெருக்கினால் 91.7 சதவீத ரூபாய்க் காசில் 10.69 கிராம், மோர்கனில் 24.06 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையில் அது என்ன வருகிறதோ, அதற்கும் குறைவாக ஒருவர் தருகிறார் என்றால் ஏன் தருகிறார் என்று கேளுங்கள். உருக்கினாலே அதைவிட அதிகம் கிடைக்கும் பொருளை யாரும் தெரிந்து குறைத்து விற்பதில்லை. "அஸ்திவாரம் தோண்டும்போது கிடைச்சது", "அவசரப் பணம்" என்ற கதைகள் எடையையும் தடிமனையும் மாற்றாது. அளந்து பார்க்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் விலை பேசவே வேண்டாம்.

வாங்கியது போலி என்று பிறகு தெரிந்தால் காசைத் துடைக்காமல், தேய்க்காமல், வந்த உறையோடு அப்படியே வையுங்கள். எடை, தடிமன், தண்ணீர்ச் சோதனை எண்களை எழுதி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அன்றைக்கே விற்றவருக்கும் வாங்கிய தளத்துக்கும் அனுப்புங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு பல தளங்களில் சில நாட்கள்தான். பணம் வராமல் போனால் அதை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.