ஒரே தோற்றம் என்பதால் ஒரே பெயர் ஆகிவிடாது

வணக்கம் ஐயா. நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பூப்போட்டிக்கு ஆர்க்கிட் செடி கொண்டுவருபவர்களிடம், "இலை பென்சில்போல உருண்டு, பூ இளஞ்சிவப்பாக இருந்தால் மிஸ் ஜோக்கிம் என்றே பெயரட்டையில் எழுதிவிடுங்கள்" என்று நீங்கள் கூறியிருப்பது சரியன்று. மிஸ் ஜோக்கிம் என்பது ஓர் ஆர்க்கிட் கலப்பினத்தின் பெயர்.

ஆர்க்கிட் கலப்பினத்தின் பெயரை அதன் தோற்றம் முடிவுசெய்வதில்லை, பெற்றோரே முடிவுசெய்கின்றன. 1961 முதல் அனைத்துலகப் பதிவேட்டைப் பராமரித்துவரும் பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகத்தின் முறைப்படி, ஹூக்கெரியானா, டெரெஸ் என்ற இரு ஆர்க்கிட் இனங்களைக் கலந்து பெற்ற கன்றுகள் அனைத்தும், எது தாய் எது தந்தை என்ற வேறுபாடின்றி, நிறம் கூடினாலும் குறைந்தாலும், மிஸ் ஜோக்கிம்தான். அதே மிஸ் ஜோக்கிமை மீண்டும் ஹூக்கெரியானாவுடன் கலந்தால் பிறப்பது, பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும், வேறொரு கலப்பு. ஹூக்கெரியானாவோ கலப்பினமே அன்று. நம் பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் மண்டிக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் களை என்றே அழைத்த இயற்கை இனம் அது. அதன் அகன்ற உதட்டிதழில் (பூவின் கீழ்ப்புறம் உதடுபோல் விரிந்த இதழில்) கருஊதாப் புள்ளிகள் அடர்ந்திருக்கும். மிஸ் ஜோக்கிமின் உதட்டிதழ் நடுவிலோ ஆரஞ்சு நிறம் தெரியும்.

பூப்போட்டிகளில் தரும் விருது விஷயம் வேறு. அங்கே நடுவர்கள் பூவின் வடிவையும் நிறத்தையும் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த விருது குறிப்பிட்ட செடிக்கும் அதிலிருந்து வெட்டி நட்ட கன்றுகளுக்கும் மட்டுமே உரியது, முழுக் கலப்புக்கும் அன்று. அதனால்தான் 'ஆக்னெஸ்' போன்ற தனிப்பெயர் மேற்கோள் குறிக்குள் சேர்க்கப்படுகிறது. பெயரட்டையில், இச்செடிகளுக்கு முன்பு வழங்கிய வாண்டா என்ற பேரினப் பெயர் இருப்பது பெரிய குற்றமில்லை. பெற்றோர் தெரியாத செடிக்கு ஊகப் பெயர் வைப்பதைவிட, "பெயர் தெரியாத கலப்பினம்" என்று எழுதிக் கொடுப்பதே முறை.