ரூட்டிங் எண் வங்கிக்கு ஒன்றுதானா?

அமெரிக்காவில் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டுவது ரூட்டிங் எண். ஒரு வங்கிக்கு ஒரே ரூட்டிங் எண்தான், வங்கிப் பெயரைத் தேடினால் முதலில் வருவதைப் போட்டுவிடலாம் என்று ஒரு தகவல் பரவுகிறது. சிறிய வங்கிகளுக்கு இது பொருந்தலாம். பல மாநிலங்களில் இயங்கும் பெரிய வங்கிகளுக்கு அப்படியில்லை, பல எண்கள் உண்டு. உங்களுக்குரியது பெரும்பாலும் கணக்கைத் தொடங்கிய மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சஸில் தொடங்கிவிட்டு நியூஜெர்சிக்குக் குடிபோனாலும் பொதுவாகப் பழைய எண்ணே தொடரும். சம்பள வரவு போன்றவற்றுக்கான ஏசிஎச் என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற முறைக்கு ஓர் எண்ணும், வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வயர் டிரான்ஸ்ஃபருக்கு வேறோர் எண்ணும் வைத்திருக்கும் வங்கிகளும் இருக்கின்றன.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் செக்கின் கீழ் ஓரத்தில், இடப்பக்கம், ஒரே மாதிரியான இரண்டு குறிகளுக்கு நடுவே 9 இலக்கங்கள் இருக்கும். அதுதான் ரூட்டிங் எண். பணம் கட்டும் சீட்டிலிருந்து எடுக்க வேண்டாம், அதில் இருப்பது வங்கியின் உள் எண்ணாக இருக்கலாம். செக் இல்லையென்றால் வங்கிச் செயலியில் உங்கள் கணக்கு விவரத்தைத் திறந்து பாருங்கள். வயருக்கு மட்டும் வங்கியிடம் தனியே கேட்டுவிடுங்கள். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் இணையதளத்தில் எண்ணைப் போட்டாலும் அது எந்த வங்கியுடையது என்று காட்டும். எண் 0-வில் தொடங்கினால் அந்த 0-வையும் சேர்த்தே எழுத வேண்டும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.