சாதியைப் பள்ளியில் பேசக்கூடாதாம்

அந்தச் சமூக அறிவியல் ஆசிரியர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். எல்லாருக்கும் நிம்மதிதானே? பத்தாம் வகுப்பில், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவை நடத்தும்போது "தீண்டாமை நம்ம ஊர்ல இப்ப எங்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டதுதான் அவர் செய்த குற்றம். உடனே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி, ஒண்ணும் தெரியாத பிள்ளைங்க மனசுல சாதியை விதைக்கிறார் என்று.

ஒன்றும் தெரியாத பிள்ளைகளா? எந்தக் கலர் கயிறு கட்டியவன் எந்தத் தெரு என்று எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். தெரியாத மாதிரி நடிப்பது நாம்தான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த பையனை சாதி வெறியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவன் பள்ளி மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவர்களுக்கு எந்த வாத்தியார் வகுப்பெடுத்துச் சாதியைச் சொல்லிக்கொடுத்தார்? அப்புறம்தான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு வேண்டாம், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள் என்று எவ்வளவோ அதில் இருந்தது. நம் ஆட்கள் பிடித்துக்கொண்டது நெற்றிப்பொட்டை மட்டும்.

உதவித்தொகை பற்றிய அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் படித்த பள்ளியில் கிளார்க் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு "எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்பார். எழுந்து நிற்போம். அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள் மறுநாள் "அம்மா திட்டும்" என்று தள்ளி உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பு! அவள் மேல் எனக்குக் கோபமில்லை, கிளார்க் மேல்கூடப் பெரிதாக இல்லை. அன்றைக்கு எங்கள் டீச்சர் தலையே நிமிராமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"புத்தகத்திலேயே தீண்டாமை பெருங்குற்றம்னு அச்சடிச்சிருக்கே" என்பார்கள். நானும் அந்தப் புத்தகத்தில்தான் படித்தேன். ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து நடத்தியதில்லை.

"ஆசிரியரே சாதி பார்த்தா?" நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பேசியவர் வாயை ஏன் அடைக்கிறீர்கள்? "சாதிச் சான்றிதழ் மட்டும் வேணுமா?" என்று வரப்போகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, வேண்டுமானால் பிளாக் செய்துவிட்டுப் போங்கள்.

எனக்கு வலிப்பது திட்டியவர்களால் அல்ல. அந்த வாட்ஸ்அப் குழுவில் என் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள், அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள். ஒருவர்கூட அந்த ஆசிரியருக்காக ஒரு வரி போடவில்லை. எனக்கு மட்டும் இன்பாக்ஸில் "ரொம்பப் பாவம்ங்க அவர்" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. நான் போகிறேன். அதை அங்கே வந்து சொல்லுங்கள்.