'யீ ஓல்டு' தப்புங்க, அது 'தி ஓல்டு'

பழைய இங்கிலீஷ்காரங்க 'தி'யை (the) 'யீ'ன்னு (ye) தான் சொன்னாங்க, இங்கிலாந்துல 'யீ ஓல்டு'ன்னு (Ye Olde, 'பழைய'ன்னு அர்த்தம்) கடை போர்டே இருக்குன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, அது தப்புங்க. அப்ப 'தார்ன்'னு ஒரு தனி எழுத்து இருந்துச்சு, 'தி'ல வர்ற அந்த சத்தத்துக்கு. கையெழுத்துல அது போகப்போக 'ஒய்' (y) மாதிரியே ஆயிடுச்சு, அச்சு வந்தப்போ ஐரோப்பாவுல இருந்து வந்த அச்செழுத்துல தார்னே இல்ல, அதனால ஒய்யைப் போட்டு மேல குட்டியா 'ஈ' (e) வெச்சாங்க, 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ங்கற இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல கூட சில இடத்துல இப்படி இருக்கு, ஆனா படிச்சது 'தி'ன்னு தான். 'நீங்க'ன்னு அர்த்தம் வர்ற 'யீ' நிஜமாவே இருந்துச்சு, அது வேற வார்த்தை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தார்ன் ஐஸ்லாந்து மொழில இன்னைக்கும் உயிரோட இருக்கு, எனக்கு அதுல அவ்ளோ சந்தோஷம்.