ரெண்டு செகண்டில் யாரும் உறைவதில்லை!

விண்வெளித் தொடரின் இந்த வார எபிசோடிலும் அதே கூத்து! ஏர்லாக், அதாவது விண்கலத்திலிருந்து வெளியேறும் காற்றடைப்பு அறை, திறக்கிறது, ஆள் வெளியே பறக்கிறார், ரெண்டே செகண்டில் முகமெல்லாம் பனி படர்ந்து சிலையாகிறார். இன்னும் எத்தனை தடவைதான் இதையே காட்டுவார்கள்? சூட்டை இழுத்துக்கொண்டு போக வெற்றிடத்தில் காற்றே இல்லையே! ஃபிளாஸ்கில் வெந்நீர் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை? அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தானே! வாயிலும் கண்ணிலும் உள்ள ஈரம் ஆவியாகி அந்த இடம் சில்லிடும். மற்றபடி உடல் சூடு கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும். முழுசாக உறைய மணிக்கணக்காகும்.

உண்மையில் நடப்பது இதைவிடப் பயங்கரம். 1966-ல் நாசாவின் வெற்றிட அறையில் ஒரு சோதனை. விண்வெளி உடைக்குக் காற்று தரும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் ஆள் மயங்கிவிட்டார். அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது, காற்றழுத்தம் இல்லாததால் நாக்கில் எச்சில் கொதித்தது! அழுத்தம் திரும்பியதும் பிழைத்துக்கொண்டார். 14 விநாடி! அதை அப்படியே எடுத்தாலே பார்ப்பவர் நெஞ்சு அடைக்குமே, பனிப்பூச்சு எதற்கு?

கதாநாயகன் வேறு குதிக்கும் முன் மூச்சை இழுத்துப் பிடிக்கிறான். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும் ஐயா! மூச்சை வெளியே விட்டால்தான் தப்பிக்க வாய்ப்பே. அப்புறம் அந்த வெடிச்சத்தம்... காற்றே இல்லாத இடத்தில் எதன் வழியாக வந்து காதைப் பிளந்தது?