38 கிராம் உப்பு

கேட்டரிங் காலேஜில் பாடம் எடுக்க ஆரம்பித்து 14 வருஷம் ஆகிறது. எனக்கே பிடிக்காத வகுப்பு ஒன்று உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு நான் எடுக்கும் நியூட்ரிஷன் தியரி. காலையெல்லாம் அடுப்படியில் நின்ற பசங்க, சமைத்ததை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, பி1 குறைந்தால் பெரிபெரி என்று நான் போர்டில் எழுதிக்கொண்டிருப்பேன். பாதிப் பேருக்குத் தலை ஆடும். புரிந்து ஆடுவதல்ல.

பசங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கர்வி வந்து பந்தியில் உட்கார்ந்த ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. சட்டைப் பையில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களைத்தான் தினம் பார்க்கிறேன். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. பெரிபெரியும் ஒரு காலத்தில் நம் பக்கம் பெரிய தலைவலிதான், இல்லை என்று சொல்லவில்லை. அதை ஆராயத்தான் 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஒரு ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கினார். அந்த ஆய்வகம் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நின்று எண்ணெயைக் குறை, உப்பைக் குறை என்கிறது. எங்கள் சிலபஸ் மட்டும் இன்னும் குன்னூரிலிருந்து மலையிறங்கவில்லை.

போன வருஷம் பொறுக்க முடியாமல் தராசைத் தூக்கிக்கொண்டு பிராக்டிகலுக்குப் போனேன். அன்றைக்குப் பரோட்டா. ஒரு கிலோ மைதா, பதினைந்து பரோட்டா. வேலை தொடங்கும் முன் எண்ணெய்ப் பாத்திரத்தை எடை போட்டேன். உருண்டையை எண்ணெயில் ஊற வைத்தது, வீசும்போது தடவியது, கல்லில் சுற்றி ஊற்றியது எல்லாம் முடிந்தபின் மறுபடி எடை. தட்டிலும் கல்லிலும் மிஞ்சியதைக் கழித்தால் 250 கிராம் காணோம். எங்கே போயிருக்கும்? பரோட்டாவுக்குள்தான். ஒன்றுக்கு 16 கிராம் சொச்சம். ஒருத்தருக்கு ஒரு நாள் முழுக்க 30 கிராமுக்குள் எண்ணெய் போதும் என்று தியரியில் சொன்னபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது ஒரு பையன் தானாகவே கணக்குப் போட்டான். “ரெண்டு பரோட்டாலயே தாண்டிருச்சு சார். சால்னாவை இன்னும் எண்ணவே இல்லையே.” விருதுநகர்ப் பையன் சிரித்தான்: “எங்க ஊருப் பரோட்டாவை இந்தத் தராசு தாங்காது சார்.”

அடுத்த வாரம் உப்பு. பத்துப் பேருக்குச் சாம்பார், நான்கு குரூப், ஒரே ரெசிப்பி. உப்பு மட்டும் அவரவர் கைப்பதம். ஜாடியை முன்னும் பின்னும் எடை போட்டதில் 26, 29, 31, 38 கிராம். எது யாருடையது என்று சொல்லாமல் ருசி பார்க்கச் சொன்னேன். ஜெயித்தது 38. “ஓட்டல் சாம்பார் மாதிரி இருக்கு சார்!” உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் கீழே. இந்தச் சாம்பாரில் ஒரு ஆளுக்கு 3.8 போய்விடுகிறது. பொரியல், அப்பளம், ஊறுகாய், ரசம் இன்னும் இலைக்கே வரவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அந்தச் சாம்பாருக்கான உப்பை நானே அளந்து கொடுத்தேன், வாரம் 2 கிராம் குறைத்து. பெருங்காயத்தையும் வறுத்து அரைத்த தனியாவையும் கொஞ்சம் கூட்டினேன், அதை மறைக்கவில்லை. ஐந்தாவது வாரம் 28க்கு வந்தபோதும் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஆறாவது வாரம் சத்தமில்லாமல் பழைய 38ஐப் போட்டேன். முதல் கரண்டியிலேயே அன்றைக்கு 38க்கு ஓட்டுப் போட்ட அதே பெண் கேட்டாள், “கரிக்குது சார், யார் போட்டது?”

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார், “நீங்க செஃப் உண்டாக்குறீங்களா, டயட்டீஷியன் உண்டாக்குறீங்களா?” கஸ்டமர் கேட்கிறதைத்தானே கொடுக்க முடியும் என்பது அவர் கட்சி. கஸ்டமர் ருசி கேட்டார், சரி. 38 கிராம் வேண்டும் என்று எப்போது கேட்டார்? அது நம் கை போட்டது.

பின்லாந்தில் வடக்கு கரேலியா என்று ஒரு பகுதி. அங்கே நடு வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்காமல் மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் ஊராக ‘நீண்ட ஆயுள் விருந்து’ வைத்து, வெண்ணெயும் உப்பும் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டி, அங்கேயே சாப்பிடவும் வைத்தார்கள். சிகரெட்டுக்கு எதிராகவும் வேலை நடந்தது, எல்லாப் புகழும் சமையலுக்கே என்று சொல்ல வரவில்லை. ஆனால் 35 வருஷத்தில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களின் இதய நோய் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. டாக்டர் சொன்னது அடுப்படி வழியாகத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறது. நம் ஊரில் அந்த அடுப்படிக்குப் போகப்போகிறவனை இரண்டு மணி வெயிலில் உட்கார வைத்துப் பெரிபெரி எழுதச் சொல்கிறோம்.

இதில் என் சொந்தக் கதையும் உண்டு. ஓட்டல் கிச்சனில் இருந்த காலத்தில் ஊருக்கெல்லாம் ஒரு மணிக்குச் சாப்பாடு, எனக்கு நாலு மணிக்கு, நின்றுகொண்டே, மிச்சமானதில். நடுவில் எட்டு டீ, எட்டிலும் சர்க்கரை. 41 வயதில் டெஸ்ட் எடுத்தபோது வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 212. முதல் வருஷப் பசங்களுக்கு இந்த நம்பரைத்தான் முதலில் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் தியரி மணி நேரத்தில் பாதியை வெட்டி, ஒவ்வொரு பிராக்டிகல் இன்டென்டிலும் (சமையலுக்கு வேண்டிய சாமான் பட்டியல்) ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் என்று இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். அதற்கும் மார்க் போட வேண்டும். மார்க் இல்லாவிட்டால் நிரப்ப மாட்டார்கள், நானும் படித்தவன்தான்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். கல்யாணச் சமையல் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளத்தில் சின்னதாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி உப்பு மூட்டை பக்கத்தில் வைத்திருக்கிறான். மாஸ்டர் பார்த்துவிட்டு, “ஏன்டா, சமைக்க வந்தியா, மளிகைக்கடை வைக்க வந்தியா?” என்றாராம்.

“நீ என்னடா சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல சார். அவர் கையால ஒரு பிடி அள்ளித் தராசுல போடச் சொன்னேன்.”