தண்ணீரைத் தண்ணீர் என்று படித்தது குற்றமா?

ஆமாம், நாவல்களைப் பற்றி நான் எழுதியதை ஒருவர் கேலி செய்து போட்டாரே, அந்த ஸ்கிரீன்ஷாட் என்னுடைய பதிவுதான். பெயரை மறைத்துத்தானே போட்டிருக்கிறார், விட்டுவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பதிவை ஏற்கனவே படித்தவர்கள். பெயரை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்பாக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் எழுதியது என்ன? சமீபத்தில் படித்த நாவல்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. அசோகமித்திரனின் 'தண்ணீர்' பற்றி, தண்ணீருக்கு அலையும் பெண்களை இவ்வளவு சரியாக எழுதி நான் படித்ததில்லை என்றேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன் என்றேன். இமையத்தின் 'செல்லாத பணம்' படித்து முடித்த இரவு தூக்கம் வரவில்லை என்றேன். அவ்வளவுதான். இதை எடுத்துப் போட்டு, தண்ணீர்ப் பஞ்சக் கதை என்று படிக்கிறவர்களுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாவலை வாங்கியோ இரவல் பெற்றோ, நேரம் ஒதுக்கி உட்கார்ந்து படித்தவருக்கு, அது தன்னை என்ன செய்தது என்று சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

'தண்ணீர்' வெறும் தண்ணீரைப் பற்றிய நாவல் இல்லை என்பது எனக்கும் தெரியும். வறட்சி குழாயில் மட்டும் இல்லை, நாயகி ஜமுனாவின் வாழ்க்கையிலும் இருக்கிறது. சினிமா ஆசையைக் காட்டி அவளைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர் ராவ், அவனால் அவளோடு மனம் கசக்கும் தங்கை சாயா, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் புத்தகம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், படித்தாலே தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் குறியீடாக ஆவதற்கு முன்னால் குடத்தில் இருக்க வேண்டும் இல்லையா? அசோகமித்திரன் அதைக் குடத்தில் வைத்துத்தான் காட்டுகிறார். காலையில் பம்பு அடித்துப் பார்ப்பதும், வராமல் போவதும், வரும் வீட்டைத் தேடி ஓடுவதும்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதைப் பார்க்காமல் நேராகக் குறியீட்டுக்குத் தாவுகிறவர்தான் எதையோ விட்டுவிட்டுப் படிக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு ஏன் அந்தப் பக்கங்கள் அப்படி ஒட்டிக்கொண்டன என்று சொல்கிறேன். பள்ளிக்கூடம் முடியும் வரை வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது நான்தான். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் அடிக்கு அடி தளும்பும். பாவாடையில் அந்த ஒரு பக்கம் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தோடுதான் வகுப்பில் போய் உட்காருவேன். பம்பு அடிக்கும்போது தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் வெறும் இரும்பு மட்டும் முனகும் பாருங்கள், அந்த நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். இவள் எத்தனை குடம் எடுப்பாள், நமக்கு மிஞ்சுமா என்று. நன்றாகப் பழகிய பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கணக்கோடு என்னைப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. நானும் அவர்களை அப்படித்தான் பார்த்திருப்பேன். தண்ணீர் கிடைக்காதபோது நல்ல மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போவதை 1973இல் வந்த அந்தச் சின்ன நாவலில் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. இதைத்தான் என் மொழியில் நாலு வரியாக எழுதினேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"வாசிப்புக்குப் பயிற்சி வேண்டாமா" என்று கேட்கிறார்கள். வேண்டும். படிக்கப் படிக்க வரும். நான் மறுக்கவே இல்லை. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது என்று கேள்விப்பட்டு எடுத்தேன். காரு மாமாவின் சாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து சேர்கிறார்கள், யாருக்கு யார் என்ன முறை என்றே ஆரம்பத்தில் பிடிபடவில்லை. ஒரு தாளில் உறவுமுறைகளை எழுதி, புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு படித்தேன். பாதிக்கு மேல் அந்தத் தாள் தேவைப்படவில்லை. பழைய சண்டைகளும் கடன்களும் அன்பும் ஒரு சாவு வீட்டில் எப்படி மறுபடி மேலே வருகின்றன என்று அவர் எழுதியிருப்பது அருமை. அளவில் சின்னப் புத்தகம்தான். ஆனால் வேகமாகப் படித்தால் கை நழுவிவிடும். இது பயிற்சி இல்லையா? யாரும் வந்து சான்றிதழ் கொடுத்தால்தான் பயிற்சியா?

அப்புறம் இன்னொன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் அதுதான் என்கிறார்கள். அதை எழுதியவர் முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதி வேலை பார்த்தவர். சரி, அதை அன்றைக்குப் படித்தவர்களுக்கு நாவல் வாசிப்பில் என்ன பயிற்சி இருந்திருக்கும்? அதற்கு முன் தமிழில் படிக்க நாவலே கிடையாதே! அவர்களும் கையில் எடுத்தார்கள், பிடித்ததா இல்லையா என்று பக்கத்தில் இருந்தவரிடம் பேசியிருப்பார்கள். நாவல் என்கிற வடிவமே என்னைப் போன்றவர்கள் கையில்தான் வளர்ந்தது.

'புயலிலே ஒரு தோணி' விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னதற்குத்தான் அதிகத் திட்டு. இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழையும் அந்தத் தொடக்கத்தைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை. ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அதற்கப்புறம் நாயகன் பாண்டியனும் நண்பர்களும் குடித்துவிட்டுத் தமிழ் மரபைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் இடங்களில் நான் தடுமாறினேன். யாரைக் கிண்டல் செய்கிறார், எந்தப் பாட்டை இழுக்கிறார் என்று பாதி எனக்கு எட்டவில்லை. மூடி வைத்தேன். மோசமான நாவல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. போய்ப் பாருங்கள், பதிவு அப்படியேதான் இருக்கிறது. எனக்கு எட்டவில்லை என்று எழுதினேன். "எட்டவில்லை என்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே" என்று ஒருவர். ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? எட்டவில்லை என்று சொன்னதால்தான் நண்பர் ஒருவர், அந்த உரையாடல்களை முதல் தடவை ஓட்டமாகக் கடந்துவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள், இரண்டாம் தடவை அவை தானாகத் திறக்கும் என்று சொல்லித் தந்தார். அந்த ஒரு கமெண்டில் இருந்த உதவி, ஸ்கிரீன்ஷாட் போட்டவரின் முழு நீளப் பதிவில் இல்லை. இத்தனைக்கும் 1972இல் வெளிவந்த அந்த நாவல், பல வருடங்கள் உரிய கவனம் இல்லாமல் கிடந்த புத்தகம். அதைக் கவனிக்காமல் விட்டது என்னைப் போன்ற நாலு வரி எழுதுகிறவர்களா? விமர்சனம் எழுத இடமும் பெயரும் இருந்தவர்கள் அன்று எங்கே இருந்தார்கள்?

"பொதுவெளியில் எழுதினால் விமர்சனம் வரத்தான் செய்யும்" என்கிறவர்களுக்கு. வரட்டும். நான் எழுதியது தப்பு என்று காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வேன். படம் பிடித்துப் போட்டு ஊரைக் கூட்டிச் சிரிப்பதற்கு விமர்சனம் என்று பெயர் கிடையாது.

"எல்லார் கருத்தும் ஒன்றா" என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஒன்று இல்லை. வாழ்நாள் முழுக்கப் படித்தவர் சொல்வதற்கு எடை அதிகம். ஆனால் எடை குறைவான கருத்தை வாயிலிருந்தே எடுக்கக்கூடாது என்று சொல்வது வேறு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது என்ன நடந்தது? மழையில் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அம்மா சொல்லும் முடிவைப் படித்துவிட்டு வாசகர்கள் கொந்தளித்தார்கள். பயிற்சி பெற்ற வாசகர்கள் இல்லை, வீட்டில் பத்திரிகை வாங்கிப் படித்தவர்கள். அந்த எதிர்ப்பில் பாதி எனக்கு ஒப்பாது, படித்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அம்மா அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ற கேள்வியோடு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதப்பட்டது. அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது. அந்த நாவலுக்குள்ளேயே அதன் நாயகி கங்கா ஒரு பத்திரிகையில் கதை படிக்கிறாள். அது தன் கதை என்று அவளுக்குத் தெரிகிறது, ஆனால் அதில் முடிவு வேறாக இருக்கிறது. அவள் வாழ்க்கையே அங்கிருந்துதான் திரும்புகிறது. அவளிடம் போய், உனக்கு வாசிப்புப் பயிற்சி இருக்கிறதா, இந்தக் கதை உன்னைத் தொட்டது என்று சொல்ல நீ யார் என்று கேட்பீர்களா?

என் கோபம் எனக்காக மட்டும் இல்லை. அதைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தையே தொடாமல் இருந்தவள். நான் கொடுத்துத்தான் 'செல்லாத பணம்' படித்தாள். அந்த நாவலில் பொறியியல் படித்த ஒரு பெண், வீட்டாரை மீறி ஆட்டோ ஓட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே குடும்பம் காத்திருக்கிறது. கையில் பணம் இருக்கிறது, அந்தப் பணம் அங்கே எதற்கும் உதவவில்லை. அப்பாவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் வருகிறவர்கள் எல்லோரும் "எப்படி ஆச்சு" என்று கேட்க, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் இன்னும் நன்றாக ஒன்று சொன்னாள். இந்த நாவலில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பேசினால்தான் பயம் தெரியாது, அதனால்தான் பேசுகிறார்கள் என்றாள். எந்த மதிப்புரையிலும் நான் இதைப் படித்ததில்லை. அதைத் தன் பக்கத்தில் எழுதியும் இருந்தாள். அந்த ஸ்கிரீன்ஷாட் வந்த அன்று சாயங்காலம் அதை அழித்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். நமக்கு எதற்கு வம்பு என்றாள். இப்போது புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்தது ஏதாவது வேண்டுமா என்றதற்கு, பிறகு பார்க்கலாம் என்றாள்.

தமிழில் வாசகர்கள் இல்லை, புத்தகம் விற்பதில்லை, நாவல் எழுதி என்ன பயன் என்று வருத்தப்பட்டு எழுதுகிறவரும் ஸ்கிரீன்ஷாட் போட்ட இதே மனிதர்தான். நானே அந்த வருத்தத்துக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தால் எங்கிருந்து வருவார்கள் வாசகர்கள்? ஒருவர் படிப்பதை நிறுத்திவிட்டார். ஸ்கிரீன்ஷாட் போட்டவருக்கு இது தெரியுமா? தெரிந்தாலும் வருத்தப்படுவாரா?

அவருடைய பதிவின் கீழே நான் ஒரே ஒரு கமெண்ட் போட்டேன், சண்டைக்காக இல்லை. 'தண்ணீர்' நாவலில் ஜமுனா உடைந்துபோயிருக்கும்போது டீச்சரம்மா தன் சொந்த வாழ்க்கையை அவளிடம் சொல்கிறாரே, அதற்குப் பிறகு ஜமுனா நிமிர்ந்து எழுவது எனக்குக் கொஞ்சம் சீக்கிரமாக நடந்துவிட்டதாகத் தோன்றியது, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். மற்ற எல்லோருக்கும் பதில் வந்திருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. என் தோழி, சீக்கிரம் இல்லை, டீச்சரம்மாவின் கஷ்டம் தன்னுடையதைவிடப் பெரிது என்று தெரிந்த நிமிஷமே அவள் எழுந்துவிட்டாள் என்கிறாள். எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. அந்த இடத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். நாவலைப் படித்தவர்கள் இருந்தால் வந்து சொல்லுங்கள். எத்தனை நாவல் படித்திருக்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.